பிலாரக்காவின் ஊர் எரிந்த ஓகஸ்ட்

1

சுவிஸில் ஓகஸ்ட் முதலாந் திகதி தேசிய தினம். நொஷாட்டல் ஏரிக்கரையில் வாணம் விடுவார்கள். மேலே மலைப்பக்கக் கிராமங்களில் விறகை வீட்டுயரத்துக்கு அடுக்கிக் கொளுத்துவார்கள். எங்களுக்குக் கீழ்மாடியில் இருக்கும் மதாம் வருஷா வருஷம் கதவைத் தட்டி, தன் காரிலேயே எங்களை அந்த நெருப்புப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போவார். அங்கே இறைச்சிச் சொசிஸ் வாட்டிக் கொடுப்பார்கள். நாங்கள் சைவம் என்பதால் எங்களுக்கு மட்டும் சோளம்பொத்தி.

இந்த முறையும் தட்டினார். தலையிடி என்றேன்.

"உங்கள் கணவர்?"

"அவர் ஸ்பெயினில் நிற்கிறார்."

"ஆ, லீவில். நல்லது" என்றார். நான் திருத்தவில்லை.

அவர் போன பிறகு பல்கனிக் கதவைச் சாத்தினேன். அப்படியும் பைன் விறகின் புகை உள்ளே வந்தது. கொஞ்ச நேரத்தில் மகள் நிவேதா லவுசானிலிருந்து போன் எடுத்து, "அம்மா, நீங்க மேலை போகேல்லைத்தானே?" என்று கேட்டாள். வழக்கமாக நான்தான் அவளுக்கு எடுப்பேன். "பிறகு கதைக்கிறன்" என்று பிரெஞ்சில் சொல்லி வைத்துவிடுவாள். இந்த முறை அவளாகவே எடுத்தாள். நான் சாப்பிட்டேனா என்றும் கேட்டாள்.

ஊரிலிருக்கும் உங்களுக்கு சுவிஸ் மலைகளின் படங்களை எத்தனையோ தடவை அனுப்பியிருக்கிறேன். போன ஓகஸ்டில் நாங்கள் போன ஸ்பானிய மலையின் படம் ஒன்றைக்கூட யாருக்கும் அனுப்பவில்லை. என்ன நடந்தது என்பதை இப்போது எழுதிவிட வேண்டும்போல் இருக்கிறது.

2

பிலாரும் நானும் ஒரு வயோதிபர் இல்லத்தின் நிலக்கீழ் அறையில், உடுப்புத் தோய்க்கும் பகுதியில் பல வருஷங்கள் ஒன்றாக வேலை செய்தோம். என்னைவிட மூத்தவர். வீட்டில் தமிழில் கதைக்கும்போது நாங்கள் அவரைப் பிலாரக்கா என்போம். அவருக்குத் தெரிந்த பிரெஞ்சும் எனக்குத் தெரிந்த பிரெஞ்சும் ஏறத்தாழ ஒரே அளவு. அதனால் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் நன்றாக விளங்கிக்கொண்டோம். மற்றவர்களுக்குத்தான் எங்கள் கதை விளங்காது. அவரும் அவருடைய கணவரும் சொன்னவற்றை நான் இங்கே எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன். எனக்குள் அது அப்படித்தான் கேட்டது.

அவருடைய ஊர் ஸ்பெயினின் வடமேற்கில், கலீசியா மாகாணத்து மலைகளில். கட்டில் விரிப்புகளை மடித்துக்கொண்டே அந்த ஊரைப் பற்றிச் சொல்வார். கருங்கல் வீடுகள். சிலேட் கல்லால் வேய்ந்த கூரைகள். ஊருக்குப் பொதுவாகப் பாண் சுடும் போறணை. "இன்னும் கொஞ்ச வருஷந்தான், வதனா. பென்ஷன் வந்த அண்டைக்கே போயிடுவம்" என்பார். சொன்னபடியே செய்தார். அவருடைய கணவர் அன்செல்மோ அண்ணை சுவிஸ் மலைகளுக்குள் சுரங்கப்பாதை வெட்டும் வேலையில் சுவாசப்பையைப் பழுதாக்கிக்கொண்டவர். இரண்டு பேரும் ஜன்னல் சீலைகளைக்கூடக் கழற்றிக்கொண்டு ஊருக்குப் போனார்கள். மகன் தானியேல் மட்டும் இங்கே கடிகாரத் தொழிற்சாலை வேலையோடு நின்றுவிட்டான்.

அவர்கள் போனதிலிருந்து என் கணவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. இவர் நொஷாட்டலில் ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை செய்தவர். பென்ஷன் நெருங்கிக்கொண்டிருந்தது. ஊரில், சண்டிலிப்பாயில், இவருடைய தாய்தகப்பன் வீடு பூட்டிக் கிடக்கிறது. வளவு முழுக்கப் பற்றை மண்டி, நுளம்பு பெருகுகிறது என்று பிரதேச சபையிலிருந்து ஆட்கள் வந்து சொல்லிவிட்டுப் போனதாக அங்கிருக்கும் மருமகன் போனில் சொன்னான். "நான் போய் இருந்தா எல்லாம் சரிவரும்" என்றார் இவர்.

எனக்கும் நிவேதாவுக்கும் சுவிஸ் கடவுச்சீட்டு இருக்கிறது. இவர் பிரெஞ்சுப் பரீட்சையில் இரண்டு தரம் தவறியதால் இன்னும் வதிவிடப் பெர்மிட்டோடுதான் இருக்கிறார். நாட்டைவிட்டுப் போனால் அந்தப் பெர்மிட் என்னவாகும் என்று கேட்க இருவரும் கொம்யூன் எனும் ஊராட்சி அலுவலகத்துக்குப் போனோம். "போவது நிரந்தரமாகவா?" என்று அங்கே இருந்த பெண் பிரெஞ்சில் கேட்டார். இவருக்குச் சொல் வரவில்லை. ரயில் நிலையத்தில் டிக்கெட் எடுக்கும்போது சொல்வதுபோல, "ஒருவழி மட்டும்" என்றார். அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அவசரப்படாமல் யோசியுங்கள், மிஸ்யூ. திரும்பி வருவது இலேசில்லை" என்றார்.

எனக்குப் போக விருப்பமில்லை என்பது இவருக்குத் தெரியும். படியிறங்கிக் கீழே வந்ததும் இவரே சொன்னார்: "முதல்லை பிலாரக்கா ஆக்களைப் போய்ப் பாப்பம். திரும்பிப் போய் எப்பிடி இருக்கினம் எண்டு பாத்திட்டு முடிவெடுப்பம்."

3

நிவேதாதான் கார் ஓட்டினாள். வரமாட்டேன் என்று நின்றவள், பள்ளிக்கூடத்தில் படித்த ஸ்பானிய மொழியைப் பேசிப் பார்க்கலாம் என்று சொன்னதும் மனம் மாறினாள். பிரான்ஸைக் கடந்து, வழியில் தங்கி, அடுத்த நாள் பின்னேரம் அந்த மலையில் ஏறினோம். வளைவுகளில் மண்ணிறப் பலகைகள் நட்டிருந்தார்கள். 'பழமை மாறாத மலைக்கிராமம்' என்று அதில் எழுதியிருப்பதாக நிவேதா வாசித்துச் சொன்னாள்.

உண்மையில் அழகான ஊர். மழையில் நனைந்ததுபோல் மின்னும் கருஞ்சாம்பல் கூரைகள். எலி ஏறாதபடி கல் தூண்களின் மேல் தூக்கிக் கட்டிய தானியக் கொட்டில்கள். ஊர் நடுவே ஊற்றுத் தண்ணீர் விழும் பெரிய கல் தொட்டி. கீழே ஆறு, அதில் பாறைகளுக்கு இடையே குளிக்கும் மடு. ஊருக்கு மேலே கஷ்கொட்டைத் தோப்பு. குளிர்காலத்தில் இங்கே தெருவோரம் சுட்டு விற்பார்களே, அந்தக் கொட்டை. அங்கே சில மரங்களின் அடி, நாங்கள் மூன்று பேரும் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத பருமன். மத்ரித்திலிருந்து வந்த ஒரு குடும்பம் அவற்றைப் படமெடுத்துக்கொண்டு நின்றது.

பிலாரக்கா வாசலில் நின்றார். மெலிந்திருந்தார். என்னைக் கட்டிப்பிடித்தபோது அவர் தலைமயிரில் புகை மணந்தது.

"அடுப்பு எரிச்சனீங்களோ?"

"இல்லை. அது அங்காலை, ரெண்டு மலை தள்ளி. ஒவ்வொரு வருஷமும் வாறதுதான். பயப்பிடாதை."

மாலையில் என்னை ஊர் சுற்றிக் காட்டினார். வீடுகளைக் கைகாட்டி, கதவுக்குள் யார் இருக்கிறார்கள் என்று சொல்லவில்லை. எங்கே இருக்கிறார்கள் என்றுதான் சொன்னார். "இது ஜெனீவா. இது பார்சலோனா. இது ஜெர்மனி. இதுவும் ஜெனீவா." சில வீடுகளில் ஓகஸ்ட் லீவுக்கு வந்தவர்களின் சத்தம் கேட்டது. பல வீடுகளில் பூட்டுத் துருவேறியிருந்தது. உடைந்த ஜன்னல் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தேன். மேசைமேல் தேநீர்க் கோப்பைகள் கவிழ்த்தபடி இருந்தன. வைக்கோல், பழைய மரச்சாமான், தூசி.

"மாரியிலை எத்தினை பேர் இருப்பீங்கள்?" என்று கேட்டேன்.

"நானும் இவரும். மற்றது, தேவாலயத்துத் திறப்பு வைச்சிருக்கிற ஒரு கிழவர். அவர் போன வருஷம் மகளிட்டைப் போயிட்டார்."

"அப்ப நீங்கள் ரெண்டு பேர் மட்டுமோ?"

"ஓம். சுவிஸிலை இருக்கேக்கை சத்தம் இல்லாத இடம் வேணும் எண்டு எவ்வளவு ஆசைப்பட்டன்." நடந்து முடியும்வரை என் கையை விடவில்லை.

பிலாரக்காவின் வீட்டுக்குப் பின்சுவரோடு ஒரு நீளமான காணி மேலே தோப்புவரை ஏறிப்போனது. மஞ்சள் பூப்பூக்கும் ஒருவகைப் பற்றை அதில் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து, காய்ந்து, காற்றில் சலசலத்தது. அது யாருடையது என்று கேட்டேன்.

"ஜெனீவா" என்றார். குரல் மாறிவிட்டது. எல்லைக் கல் பற்றி அந்த வீட்டுக்காரரோடு அன்செல்மோ அண்ணைக்குப் பழைய சண்டை. அந்த மண்ணில் கால் வைப்பதில்லை என்று அவர் சத்தியம் பண்ணியிருக்கிறாராம். வேலிச் சண்டை எங்கள் ஊருக்கு மட்டும் உரியதென்று நினைத்திருந்தேன்.

4

எங்களுடைய மூன்றாம் நாளோ நான்காம் நாளோ ஊர்த் திருவிழா வந்தது. மாதாவைத் தோளில் சுமந்து ஊரைச் சுற்றினார்கள். தோற்பைக்குள் காற்றை நிரப்பி ஊதும் ஒரு வாத்தியத்தோடு முன்னுக்குச் சிலர் போனார்கள். நீண்ட மேசைகள் போட்டு, வெள்ளை விரிப்பு விரித்து, ஊர் முழுக்க ஒன்றாக இருந்து சாப்பிட்டது. லீவுக்கு வந்த பிள்ளைகள் தங்களுக்குள் பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் கத்தி விளையாடினார்கள். இவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததை நான் பார்த்து நாளாகிவிட்டது. கூடத்தில் வெங்காயம் வெட்டிக்கொடுத்து, அன்செல்மோ அண்ணையின் நண்பர்களோடு கைப்பாஷையில் சிரித்துக்கொண்டிருந்தார். எல்லோரும் இவரைச் சிவா என்று கூப்பிட்டார்கள்.

சோற்றுத் தட்டை முன்னுக்கு வைத்தபோது விரிப்பில் சாம்பல்நிறத் துணுக்கொன்று விழுந்தது. தொட்டால் பொடிந்தது. பிறகு இன்னொன்று. மேசையின் நீளத்துக்கும் ஆட்கள் கதையை நிறுத்தாமல் கையால் அதைத் தட்டிவிட்டுக்கொண்டு சாப்பிட்டார்கள். நிமிர்ந்து பார்த்தேன். சூரியனைக் கண் கூசாமல் பார்க்க முடிந்தது. செம்புக் காசு மாதிரி இருந்தது.

அடுத்த நாள் விடியவே சில கார்கள் புறப்பட்டுவிட்டன. மத்ரித்துக் குடும்பமும் போனது. நிவேதா போனில் வரைபடம் ஒன்றைக் காட்டினாள். நெருப்பு நிற்கும் இடமெல்லாம் சிவப்பு. "நாங்களும் போவம் அம்மா" என்றாள். நான் இவரைப் பார்த்தேன். இவர் அன்செல்மோ அண்ணையோடு வீட்டைச் சுற்றிப் பற்றை வெட்டிக்கொண்டு நின்றார். அண்ணை நாலு வெட்டு வெட்டிவிட்டுச் சுவரில் சாய்ந்து மூச்சிரைப்பார். இவர் அவருடைய கையிலிருந்து கத்தியை வாங்குவார்.

வெட்டிய களைப்பில் கல் தொட்டியடியில் இருந்தபோது அண்ணை சொன்னார்: "நான் சின்னப் பெடியனா இருக்கேக்கையும் நெருப்பு வந்தது, சிவா. ஆனா அதுக்கு நடக்க வழி இருக்கேல்லை. இஞ்சை எல்லாம் தோட்டம். அங்கை எல்லாம் ஆடு மேயும். பற்றையை வெட்டி மாட்டுக்கு அடியிலை போடுவம். ஒரு சுள்ளி மிஞ்சாது. பிறகு நாங்கள் எல்லாரும் வெளிக்கிட்டிட்டம். நாங்கள் போன பிறகு அது வாசல்வரைக்கும் வந்திட்டுது."

அன்று மத்தியானம் இவர் சண்டிலிப்பாய்க்குப் போன் எடுத்து, வளவின் பற்றையை ஆள் பிடித்து வெட்டச் சொன்னது எனக்குக் கேட்டது. மருமகன் என்ன சொன்னானோ தெரியாது. "வெயிலெண்டா வெட்டேலாதோ?" என்று கேட்டுவிட்டு இவர் வைத்துவிட்டார்.

5

அதற்கு அடுத்த நாள் மத்தியானம் காற்று எழுந்தது. அதுவரை தூரத்தில் நிமிர்ந்து நின்ற புகை சட்டென்று எங்கள் பக்கம் சாய்ந்தது. பகல் மங்கி மாலைபோல் ஆனது. குருவிகளின் சத்தம் நின்றுவிட்டது. மேலே தோப்புக்கு அப்பால், பெரிய லொறி ஒன்று ஏற்றத்தில் ஏறுவதுபோல ஓர் இரைச்சல். லொறி என்றுதான் முதலில் நினைத்தேன்.

பொலிஸ் ஜீப் ஒன்று வந்தது. பச்சைச் சட்டை போட்ட ஒருவர் இறங்கிக் கதவு கதவாகத் தட்டி, "சலீர், சலீர்" என்றார். எனக்கு அந்தச் சொல் தெரியும். பிரெஞ்சில் அழுக்காக்குவது என்று அர்த்தம். உடுப்புத் தோய்த்தே காலம் போன எனக்கு அதைவிடப் பழகிய சொல் வேறில்லை. எதை அழுக்காக்கச் சொல்கிறார் என்று அந்த இரைச்சலுக்குள் நான் திகைத்து நின்றேன். விரிப்பை நனைத்துச் சேறு பூசச் சொல்கிறாரோ என்றுகூட யோசித்தேன்.

"அம்மா, வெளிக்கிடச் சொல்லுறார்" என்று நிவேதா என் தோளைப் பிடித்துத் தள்ளினாள். "ஸ்பானிஷிலை அது வெளிக்கிடுறது."

பிலாரக்கா ஒரு பையை எடுத்தார். அது ஏற்கெனவே கட்டித் தயாராகக் கதவுக்குப் பின்னால் இருந்தது. பயப்பிடாதை என்று எனக்குச் சொன்ன அன்றும் அது அங்கேதான் இருந்திருக்க வேண்டும். அன்செல்மோ அண்ணையைக் காணவில்லை. பொலிஸ்காரர் கூப்பிட்டார். பிலாரக்காவும் கூப்பிட்டார். பதில் இல்லை. இன்னும் மேலே வேறு ஊர்கள் இருக்கின்றன, பாதை மூடப்போகிறது, உடனே இறங்குங்கள் என்று சொல்லிவிட்டு ஜீப் போய்விட்டது.

நிவேதா காரை எடுத்தாள். பிலாரக்கா முன்னுக்கு. நானும் இவரும் பின்னுக்கு. கல் தொட்டியடியில் திரும்பும்போது, அங்கே அண்ணை நின்றார். தொட்டியிலிருந்து தண்ணீர் இழுக்கும் மோட்டரை இயக்கிவிட்டு, தடித்த குழாயின் வாயைப் பிடித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் வரும் வேகத்துக்கு அவரால் நிலைத்து நிற்க முடியவில்லை. குழாய் அவரை அங்குமிங்கும் இழுத்தது.

பிலாரக்கா கண்ணாடியை இறக்கி ஏதோ சொன்னார். அண்ணை தலையை மட்டும் ஆட்டினார்.

"நிப்பாட்டு பிள்ளை" என்றார் இவர்.

நிவேதா நிறுத்தவில்லை, மெதுவாக்கினாள். இவர் கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிட்டார்.

"என்னப்பா செய்யிறியள்? ஏறுங்கோ" என்றேன்.

"நீங்கள் போங்கோ. நான் வாறன்."

"அப்பா, ஏறுங்கோ" என்று நிவேதா தமிழில் கெஞ்சினாள். கோபம் வந்தால் அவளுக்குப் பிரெஞ்சுதான் வரும். அன்று தமிழ் வந்தது. இவர் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. போய் அண்ணைக்குப் பின்னால் நின்று, இரண்டு கையாலும் குழாயைப் பிடித்தார். பின்னால் நின்ற கார் ஹோர்ன் அடித்தது. பாதை ஒரு கார் மட்டும் போகக்கூடிய பாதை. நிவேதா ஓட்டினாள். பிலாரக்கா அவள் தொடையில் கையை வைத்துக்கொண்டு, வளைவுகளைச் சொல்லிக் கொண்டுவந்தார். இடம். வலம். இடம்.

கீழே ஆற்றைக் கடந்தபோது நான் திரும்பிப் பார்த்தேன். ஊர் இருந்த இடத்தில் புகை மட்டும்தான் தெரிந்தது.

6

நகரத்துப் பாடசாலையின் விளையாட்டு மண்டபத்தில் எல்லோரையும் இருத்தினார்கள். கட்டில்கள், தண்ணீர்ப் போத்தல், பாண். ஊரில், யுத்தகாலத்தில் இடம்பெயர்ந்தபோது நாங்களும் இப்படியொரு பாடசாலையில் பாய் விரித்துப் படுத்தவர்கள்தான். அதைப் பற்றி நிவேதாவிடம் நாங்கள் அதிகம் சொன்னதில்லை. அவள் சுவரோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தாள்.

"ஏன் இறங்கினவர்? ஆரின்ரையோ வீடு. நாங்கள் அவரின்ரை ஆக்கள் இல்லையோ?" என்று கேட்டாள்.

தண்ணீர்ப் போத்தலைத் திறந்து அவளிடம் நீட்டினேன்.

ஓர் உத்தியோகப் பெண் ஒவ்வொருவராக வந்து, மேலே யார் யார் நின்றுவிட்டார்கள் என்று விசாரித்தார். பிலாரக்கா முதலில் தன் கணவரின் பெயரைச் சொன்னார். பிறகு சிவா என்றார். முழுப்பெயரை நான் எழுத்தெழுத்தாகச் சொல்ல, நிவேதா அதை ஸ்பானிஷில் அந்தப் பெண்ணுக்குச் சொன்னாள். கடவுச்சீட்டு எந்த நாடு என்று கேட்டார். இலங்கை என்றோம். வசிப்பது? சுவிஸ். அந்தப் பெண் குழம்பிப் போய், "அப்படியென்றால் சுற்றுலாப் பயணியா?" என்று கேட்டார்.

"இல்லை" என்றார் பிலாரக்கா. "ஊர்க்காரர்."

நிவேதா அதை மொழிபெயர்க்கவில்லை. ஆனால் எனக்கு விளங்கிவிட்டது. நொஷாட்டலில் இத்தனை வருஷம் வரி கட்டி, வேலை செய்து, குப்பையைக்கூடச் சரியான பையில் போட்டு வாழ்ந்த மனிதரை இதுவரை ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை. அதைக் கேட்டு எனக்கு அழுகை வந்தது. அந்த ஊர் அந்த நேரம் இருந்ததோ இல்லையோ தெரியாது.

விடிந்த பிறகு வனத்துறையின் வண்டியொன்றில் இருவரையும் நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். இவருடைய முகமெல்லாம் கரி. கண்கள் வீங்கி மூடிப்போயிருந்தன. அண்ணையின் மூக்கில் ஒட்சிசன் குழாய். ஆஸ்பத்திரி வாசலில் பிலாரக்கா அவரைக் கண்டதும் சேட்டின் பொத்தானைச் சரியாகப் போட்டுவிட்டார்.

இவர் சொன்னது கொஞ்சம்தான். நெருப்பு மேலிருந்து இறங்கி, தோப்பைத் தின்று, ஊருக்குள் வந்தது. ஆட்கள் புழங்கிய வீடுகளில் விழுந்த பொறியை இருவரும் தண்ணீர் அடித்து நூர்த்தார்கள். பூட்டிய வீடுகளில் பொறி உடைந்த ஜன்னலால் உள்ளே போனது.

"ஒவ்வொரு வீடும் உள்ளுக்கிருந்து பத்தினது, வதனா. ஒரு வாளித் தண்ணி போதும். ஊத்த ஆள் இல்லை."

"நீங்கள் ஏன் இறங்கினனீங்கள்?"

"அந்த மனிசனாலை தனிய ஹோஸைப் பிடிக்க ஏலாது." வீங்கிய கண்ணை ஈரத்துணியால் ஒற்றிக்கொண்டு, "அவ்வளவுதான்" என்றார்.

அடுத்த நாள் மேலே போய்ப் பார்த்தோம். பிலாரக்காவின் வீடு நின்றது. பின்சுவர் கறுத்துப்போயிருந்தது. ஜெனீவாக்காரரின் காணி அடியோடு வெந்திருந்தது. அந்தப் பக்கம்தான் அவர்களை மிகவும் வருத்தியது என்றார் இவர். சுற்றிலும் கூரை விழுந்த வீடுகள். கஷ்கொட்டை மரங்கள் நின்றபடியே உள்ளுக்குள் புகைந்துகொண்டிருந்தன.

சுவிஸுக்குத் திரும்பி வரும் பாதையில் நிவேதா தகப்பனோடு ஒரு சொல் பேசவில்லை. பிரான்ஸில் லியோன் தாண்டி ஓரிடத்தில் காரை நிறுத்தினாள். மருந்துக்கடைக்குப் போய்த் துளிமருந்து வாங்கிவந்து, தகப்பனின் தலையைச் சாய்த்து, இரண்டு கண்ணிலும் விட்டாள். பிறகும் பேசாமல் ஓட்டினாள்.

7

அன்செல்மோ அண்ணை இலையுதிர்காலம் முடிவதற்குள் போய்விட்டார். ஏற்கெனவே பழுதான சுவாசப்பை அந்தப் புகையைத் தாங்கவில்லை. தானியேல் போய் அடக்கம் முடித்து, தாயைத் தன்னோடு கூட்டிவர நின்றான். பிலாரக்கா வரவில்லை. "வீட்டிலை ஆள் இருக்கோணும். இருந்தபடியால்தான் நிக்குது" என்றாராம்.

மாரி முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அவருக்குப் போன் எடுத்தேன். மண்ணைப் பிடிக்க வேர் இல்லாத மலையிலிருந்து மழைக்குச் சாம்பலும் கல்லும் இறங்கிவருவதைச் சொன்னார். தொட்டித் தண்ணீர் கறுப்பாக வருவதைச் சொன்னார். இளவேனிலில் வேறொன்று சொன்னார். மரம் ஒன்றும் துளிர்க்கவில்லை. ஆனால் எரிந்த மண்ணில் அந்தப் பற்றை முன்னையைவிட அடர்த்தியாக முளைக்கிறதாம்.

இவர் சண்டிலிப்பாய்ப் பேச்சை எடுப்பதே இல்லை. பென்ஷன் வந்ததும் கொம்யூன் அலுவலகத்துக்குப் போவார் என்று பயந்துகொண்டிருந்தேன். போகவில்லை. ஜூன் மாதம் பற்றை வெட்டும் மெசின் ஒன்று வாங்கி, அதைப் பகுதி பகுதியாகக் கழற்றிப் பெட்டியில் அடுக்கினார்.

"பிலாரக்கா தனிய வெட்டுறாவாம். போயிட்டு வாறன்" என்றார். "நீயும் வாறியோ?"

எனக்கு வேலை இருந்தது. பயமும் இருந்தது. வேலை என்று மட்டும் சொன்னேன்.

போய்ச் சேர்ந்த நாள் முதல் தினமும் மத்தியானத்தில் ஒருதரம் போன் எடுப்பார். இன்றைக்குக் கிழக்குப் பக்கம் முடிந்தது, இன்றைக்குத் தேவாலயப் பக்கம் முடிந்தது என்பார். தேசிய தினம் கழிந்த அடுத்த கிழமை குரலில் அவசரம் தெரிந்தது.

"காத்து மாறியிருக்கு, புகை மணக்குது. பயப்பிடாதை. மூண்டு பக்கமும் வெட்டிப்போட்டம்."

"நாலாவது பக்கம்?"

மெசினை நிற்பாட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "அது ஜெனீவாக்காரரின்ரை காணி. அவையின்ரை சொல் இல்லாமல் கால் வைக்கக் கூடாதெண்டு பிலாரக்கா நிக்கிறா. அண்ணை செத்த பிறகும் அந்தச் சத்தியத்தை விடுறாவில்லை. போன் அடிச்சுப் பாத்தம். எடுக்கினமில்லை."

விலாசத்தைக் கேட்டேன். நிவேதாவுக்குச் சொன்னேன். இன்று காலை லீவு எடுத்துக்கொண்டு அவள் ஜெனீவா ரயில் நிலையத்துக்கு வந்து நின்றாள்.

நிலையத்துக்குப் பின்னால் ஓர் அடுக்குமாடி. கதவைத் திறந்தவனுக்கு முப்பது வயதிருக்கும். ஒரு கையில் குழந்தை. அவனுடைய பாட்டனாரைத் தேடி வந்திருக்கிறோம் என்று நிவேதா சொன்னாள். அவர் போன வருஷத்துக்கு முதல் வருஷமே காலமாகிவிட்டார் என்றான். அந்தப் போன் இன்னும் பெட்டிக்குள் கிடக்கிறது, யாரும் எடுப்பதில்லை என்றான். காணியைப் பற்றிக் கேட்டோம்.

"எந்தக் காணி?"

ஊரின் பெயரைச் சொன்னோம். கேள்விப்பட்ட பெயர்தான், ஒருநாளும் போனதில்லை என்றான். அவனுடைய தகப்பனும் உயிரோடு இல்லை. அந்தக் காணிக்கு இனி அவன்தான் சொந்தக்காரன் என்று நானும் நிவேதாவும் அவனுடைய வாசலில் நின்று விளங்கப்படுத்த வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டில் ஒரு வயதான பெண் இருக்கிறார், என் கணவர் அங்கே நிற்கிறார் என்றேன்.

"வெட்டுங்கள், தாராளமாக வெட்டுங்கள்" என்று அவன் பதறிப்போய்ச் சொன்னான். நாங்கள் திரும்பியபோது பின்னால் கூப்பிட்டு, "அந்த ஊர் பார்க்க அழகானதா?" என்று கேட்டான். நிவேதா என்னைப் பார்த்தாள். "அழகான ஊர்" என்று நான் என் பிரெஞ்சில் சொன்னேன்.

படியிலேயே நின்று இவருக்கு எடுத்தேன். "வெட்டச் சொல்லிட்டினம். அக்காட்டைச் சொல்லுங்கோ."

இவர் போனை எட்டப் பிடித்துப் பிலாரக்காவுக்குச் சொன்னார். பிறகு மெசின் இயங்கும் சத்தம். அதற்குப் பின்னால், எங்கோ ஏற்றத்தில் லொறி ஏறுவதுபோல ஒன்று. அது என்ன என்று கேட்டேன்.

"காத்து" என்றார் இவர். "வெட்டிப்போட்டு எடுக்கிறன்."

நிவேதா என்னோடு நொஷாட்டலுக்கு வந்துவிட்டாள். இப்போது பின்னேரம். குசினியில் சோறு வைக்கிறாள். அவளுக்குச் சோறு வைக்கத் தெரியும் என்பதே எனக்கு இன்றுதான் தெரியும். போனை மேசையில், சத்தத்தைக் கூட்டி வைத்திருக்கிறோம். இவர் இன்னும் எடுக்கவில்லை.